மரம் பேசலாம், கம்பி பேசக்கூடாது

"தம்பி, கையை எடுங்கோ!"

திரேசா அக்கா வாசலில் நின்று போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த வயலின் கீழே விழாமல் தப்பியது அந்தோனியார் புண்ணியம். நான் சைவக்காரன். ஆனாலும் கொட்டாஞ்சேனையில் வேலை பார்த்தவன் எவனுக்கும் அந்தோனியாரோடு கொஞ்சம் சிநேகம் இருக்கும்.

அது பெரிய வியாழன் மாலை. நான்காவது கம்பியை அப்போதுதான் பூட்டி முடித்திருந்தேன். ஒரு தரம் சுண்டிப் பார்ப்போம் என்று விரலைக் கொண்டுபோன நேரத்தில், கோயில் பூசை முடிந்து வந்த அக்கா தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் கத்தினார்.

"சத்தம் எப்பிடி வருது எண்டு பாக்கத்தானே அக்கா..."

"குளோரியாப் பாட்டுக்கு மணி அடிச்சு முடிஞ்சுது. இனிச் சனிக்கிழமைக் குளோரியா வரைக்கும் மணியும் இல்லை, ஓர்கனும் இல்லை, ஒரு கம்பியும் சத்தம் போடக்கூடாது. யேசு பாடுபடுற நாளில என்ர வீட்டில கம்பி தட்டுறதோ?"

உடைந்து துண்டுதுண்டாக வந்த வயலின் அது. கிழமைக்கணக்காக ஒட்டிச் சேர்த்திருக்கிறேன். இன்னும் ஒரு தரம்கூட அது வாய் திறக்கவில்லை. அதன் முதல் சத்தத்தைச் சனிக்கிழமை, கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால்தான் கேட்க வேண்டும் என்கிறார் அக்கா.

வயலின் திருத்துகிறவர்களுக்கு இது எப்படிப்பட்ட வேதனை என்று தெரியும். அதன் வயிற்றுக்குள்ளே பென்சிலைவிட மெல்லிய ஒரு மரக்குச்சி நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்பார்கள். பசை கிடையாது, ஆணி கிடையாது. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே இறுகி நிற்கும், அவ்வளவுதான். அது நிற்கும் இடம் ஒரு மயிரிழை மாறினால் வயலினின் குரலே மாறிவிடும். வாசித்துக் கேட்டு, நகர்த்தி, மறுபடி கேட்டுத்தான் அதற்கு இடம் பார்க்க வேண்டும்.

கேட்காமல் எப்படி இடம் பார்ப்பது?

சென்ற கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய லொட்ஜ் இட்டலிப் புராணத்தைப் படித்துவிட்டு, "உங்கள் பல் கட்டுகிற தொழிலைப் பற்றி எப்போது எழுதப்போகிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இதோ எழுதுகிறேன் அம்மா. ஆனால் என் கதையில் பல்லும் வயலினும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுதான் வரும்.

தலையணை உறையில் வந்த நோயாளி

கொழும்பில் வெள்ளவத்தையில் அறை, கொட்டாஞ்சேனையில் வேலை. அந்த நாட்களில் என் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில்தான் ஓடியது. ஒரு பல் டொக்டரின் டிஸ்பென்சரிக்குப் பின்னறையில் நான் பொய்ப்பல் கட்டுகிற ஆள். டொக்டர் வாயைப் பார்ப்பார். நான் அச்சைப் பார்ப்பேன். நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. தாடையைக் காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவேன்.

தவக்காலம் தொடங்கிய கிழமை ஒரு நாள், துறைமுகத்தில் கிளாக் வேலை பார்க்கும் சவிரி அண்ணன் நோயாளிகளின் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தலையணை உறை. முறை வந்ததும் டொக்டரிடம் போகாமல் நேரே பின்னறைக்கு வந்தார்.

"என்ன அண்ணன், கொடுப்புப் பல்லோ?"

"பல்லில்லத் தம்பி."

உறையைத் தலைகீழாகப் பிடித்து பல் அச்சுக்குச் சாந்து குழைக்கிற என் மேசையில் மெல்லக் கொட்டினார். கழுத்து ஒரு பக்கம், மேல்பலகை ஒரு பக்கம், பக்கப் பட்டிகள் சுருண்டு ஒரு பக்கம். மேல்பலகையில் நீளமாக ஒரு வெடிப்பு. அந்தக் குவியலிலிருந்து ஒரு நெடி எழுந்து மூக்கில் ஏற, நான் அடுக்கடுக்காகத் தும்மினேன்.

"அண்ணன், இது என்ன, செத்தல் மிளகாய் மணக்குது?"

சவிரி அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு கதையைச் சொன்னார்.

வயலின் அவருடைய மனைவி திரேசா அக்காவின் அப்பாவுடையது. எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் வாத்தியக்காரரிடமிருந்து அவருக்கு வந்தது. அவருக்குப் பிறகு அக்காதான் கோயில் பாடகர் குழுவில் அதை வாசித்தவர். ஐப்பசி மழையில் கூரைத் தகடு ஒழுகி, அலுமாரிக்கு மேலே இருந்த வயலின் பெட்டி நனைந்துவிட்டது. அந்த நேரம் அக்கா வீட்டில் இல்லை. யுத்த காலம் அது; அவர்களுடைய ஒரே மகன் அன்டனைப் பொலிசார் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அக்கா விடிந்தால் வெளிக்கிட்டு, பொழுதுபடத்தான் வீடு திரும்புவார்.

"பாவம், அவள் வரமுதல் ஈரத்தைக் காயவைப்பம் எண்டு நினைச்சன் தம்பி. மொட்டை மாடியில செத்தல் காயப்போட்டிருந்தது. அதே பாயில ஒரு கரையில வைச்சன்."

"வெயிலிலயோ?"

"நல்ல வெயில்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பழைய வயலின்கள் மாட்டுத்தோல் பசையால் ஒட்டியவை. ஈரத்தில் இளகும், வெயிலில் விட்டுப்போகும். அண்ணன் அதற்கு இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். மிளகாயைப் புரட்டுவதுபோல் மத்தியானத்தில் ஒரு தரம் வயலினைப் புரட்டியும் வைத்தாராம். அதையும் அவரேதான் சொன்னார்.

சிரிப்பு வாய்வரை வந்தது. அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அது அப்படியே போய்விட்டது.

துண்டுகளைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த அன்று மாலைதான் திரேசா அக்கா வந்து சொல்லியிருக்கிறார்: "நேர்த்தி வைச்சிட்டன். பிள்ளை வந்தா, பாஸ்குவுக்கு, யேசு உயிர்த்த இராப் பூசையில, அப்பாட வயலினில குளோரியா வாசிப்பன். நான் தனிய, பாட்டுக்கு முன்னால."

"அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கோணும் தம்பி. திறக்கேல்ல. இப்ப பிள்ளை வந்திட்டான். அவள் பெட்டியைத் திறந்திட்டாள்."

வெள்ளை மா

பல் கட்டுகிறவனிடம் ஏன் வயலினோடு வந்தார் என்று கேட்பீர்கள்.

வெள்ளவத்தையில் என் ஒழுங்கையில் ஒரு வயலின் ரீச்சர் இருந்தார். அவருடைய வயலினுக்குள் எதுவோ கிலுகிலுத்தது. பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி இருக்கிறதே, வளைந்த பிடியோடு, அதை மேல்பலகைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். சவுண்ட் போஸ்ட் விழுந்து கிடந்தது. பல் கிண்டுகிற கம்பியாலேயே அதை நிமிர்த்தி நிறுத்தினேன். அன்றிலிருந்து வெள்ளவத்தையில் கிலுகிலுத்த வயலின்கள் எல்லாம் என் அறைக்கு வரத் தொடங்கின. அதைப் பற்றி ஒரு பழைய புத்தகம் வாங்கிப் படித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியம் பிடித்தது.

என் சாமான்கள் அந்தக் காலத்துக்குக் கொஞ்சமும் தோதில்லாதவை. ஒரு முறை அச்சு எடுக்கிற சாந்துத் தூளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த ஆமிக்காரப் பெடியன் வெள்ளைத் தூளைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனான்.

"மே மொனவாத?"

இது என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பல், வாய், மா என்று மூன்று சொல்லையும் மாறிமாறிச் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு கிழவிக்குக் கட்டி முடித்த மேல்வரிசைப் பல்லை எடுத்து நீட்டினேன். அவன் பார்த்தான். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, அவர்கள் மனம் மாறுமுன் பையைக் கட்டினேன்.

இதனால்தான் சவிரி அண்ணனின் வயலினை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன். எல்லா வேலையும் டிஸ்பென்சரிப் பின்னறையில்தான் நடந்தது.

துளைக்குள்ளே

முதலில் மேல்பலகையைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

சில இடத்தில் அது அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. நான்கு கம்பிகள் இழுக்கிற இழுப்பை, அழுத்துகிற அழுத்தத்தை இந்த அப்பளம் அத்தனை வருடமாகத் தாங்கியிருக்கிறது. கையில் எடுத்தால் பாரமே தெரியாது. பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

அதன் உட்பக்கத்தைப் பார்த்தபோதுதான் உண்மையில் வாயடைத்துப் போனேன்.

வெளியே அவ்வளவு வழுவழுப்பு. உள்ளே உளி போன வரிகள் அப்படியே கிடந்தன. யாருடைய கண்ணுக்கும் படாது என்று தெரிந்து, தேவையான அளவுக்கு மட்டும் செதுக்கி, அதற்கு மேல் ஒரு இழுப்பும் இழுக்காமல் நிறுத்தியிருக்கிறான் ஒரு மனுசன். பெயர்ச் சீட்டு எதுவும் இல்லை. எந்த ஊர்க்காரன், எந்தக் காலத்தவன், ஒன்றும் தெரியாது.

அவனுக்குப் பிறகும் ஒருவன் அதற்குள் போயிருக்கிறான். ஒரு பழைய வெடிப்பின் மேல் மூன்று சின்ன மரத்துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரமும் பலகையோடு கரைந்துபோகும்படி சீவியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். எங்கே துண்டு தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

நானும் என் தொழிலில் கைகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான். அன்று பின்னேரம் முழுக்க எந்தப் பல்லையும் தொடவில்லை. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டொக்டர் எட்டிப் பார்த்து, "என்ன ஐசே, கிழவியிட பல்லு நாளைக்கோ?" என்று கேட்டார். "ஓம் டொக்டர்" என்றேன். நாளைக்கும் முடியவில்லை.

வெடித்த இடத்தில் பலகை பதிந்து போயிருந்தது. அதை நிமிர்த்த என் தொழில்தான் கைகொடுத்தது. வாய்க்கு அச்சு எடுப்பதுபோல் மேல்பலகைக்குச் சாந்தில் அச்சு எடுத்தேன். பதிந்த இடத்தை அச்சிலே சுரண்டித் திருத்தி, பலகையை அதில் படுக்கவைத்து, இளஞ்சூட்டு மணல் பை வைத்து நாள்கணக்கில் அமர்த்தினேன். அது மெல்ல மெல்லத் தன் பழைய வளைவுக்குத் திரும்பியது. பிறகு எனக்கு முன்னால் போனவன் செய்ததுபோலவே மரத்துண்டு சீவி ஒட்டினேன். அவனுடையதற்குப் பக்கத்தில் என்னுடையது கொஞ்சம் பட்டிக்காட்டுத்தனமாகத்தான் இருந்தது.

பளபளப்பு வேண்டாம்

தோல் பசையை வெந்நீரில் இளக்க வேண்டும். இளக்கினால் மணக்கும். ஆட்டுக்கால் பாயா காய்ச்சுகிற மணம். தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் அதைச் செய்துகொண்டிருக்க, முன்னறையில் பல்லுக்கு வந்திருந்த ஒரு அன்ரி, "இண்டைக்குச் சுத்தபோசனமெல்லே? டொக்டர் வீட்டில ஆர் இறைச்சி அவிக்கிறது?" என்று சத்தம்போட்டுக் கேட்டார். டொக்டர் என்னைக் காட்டி, "அவர் சைவம்" என்றார். அன்ரி இன்னும் குழம்பிப் போனார்.

சவிரி அண்ணன் வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் வந்து பார்ப்பார். உடம்பு ஒன்றாகச் சேர்ந்து, தையற்கடை நூல்கட்டைகளில் திருகாணி பூட்டி நான் செய்த இடுக்கிகள் சுற்றிவர நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. வயலின் உருவம் தெரிந்ததும் இன்னொரு ஆசையும் வந்தது.

"தம்பி, பாஸ்கு எல்லோ. கொஞ்சம் சுரண்டிப்போட்டு பொலிஷ் அடிச்சா புதுசு மாதிரி வரும்."

"அண்ணன், இந்த இடத்தைப் பாருங்கோ."

வாசிக்கிறவர் தாடை வைக்கும் இடத்தில் மேற்பூச்சு தேய்ந்து மரம் கறுத்திருந்தது.

"இது உங்கட மாமாட தாடை பட்ட இடம். பிறகு அக்காட தாடை. இதைச் சுரண்டச் சொல்லுறீங்களோ?"

அண்ணன் அந்த இடத்தை விரலால் தொட்டார். "வேண்டாம் தம்பி" என்றார். அதற்குப் பிறகு பொலிஷைப் பற்றிக் கதைக்கவில்லை.

திரேசா அக்கா ஒரே ஒரு தரம்தான் பின்னறைக்கு வந்தார். மகன் வந்த சந்தோசம் முகத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

"அன்டன் எப்பிடி அக்கா?"

"வீட்டில இருக்கிறான். வாசல் தாண்டமாட்டான். கதையும் குறைவு." வயலினைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நேர்ந்ததைக் குடுக்காட்டி, தந்ததைத் திருப்பி எடுத்துப்போடுவாரோ எண்டு பயமாக்கிடக்கு."

கடவுள் அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் விட்ட பிள்ளையைத் திரும்பப் பிடித்துக்கொண்டுபோன கதைகள் அந்த நாட்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு தரம் யோசித்துத்தான் கை வைத்தேன்.

வியாழக்கிழமை பஸ்

பெரிய வியாழன் மத்தியானம் கம்பி பூட்டி, பின்னேரம் முழுக்க அக்கா வாசிக்க, நான் கேட்டுக்கேட்டு சவுண்ட் போஸ்ட்டை நகர்த்துவது என்பது ஏற்பாடு. புதுக் கம்பிகளை வெள்ளவத்தை ரீச்சர் தந்திருந்தார். டிஸ்பென்சரி அரை நாள்தான். வயலினை முதல் நாளே அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

காலையில் நான் ஏறிய பஸ்ஸைக் காலி வீதியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கிருந்து, எங்கே, ஏன். தமிழ் ஆட்களை ஒரு பக்கமாக நிற்கவிட்டார்கள். வெயில் தலையில் ஏறியது. ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ் போனது. என் பையிலிருந்த கம்பிச் சுருள்களை ஒருவன் எடுத்து நீட்டிப் பார்த்தான். வயலின் என்றேன். வாசிக்கிற மாதிரிக் கையைக் காட்டினேன். இன்னொருவன் வந்து பார்க்கட்டும் என்றான். அந்த இன்னொருவன் வர வெகு நேரம் பிடித்தது.

கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அந்த மணிதான் இனி எதுவும் சத்தம் போடக்கூடாது என்று சொன்ன மணி. அது எனக்கு எப்படித் தெரியும்? அக்காவும் அண்ணனும் கோயிலில் இருந்தார்கள். கதவைத் திறந்துவிட்ட அன்டன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் உட்கார்ந்து கம்பி பூட்டினேன். அதன் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

மரம் பேசலாம்

அன்றிரவு சவிரி அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். பெரிய வெள்ளி காலையில் வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் தொடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அப்போது தெருவில் கட்டைச் சத்தம் கேட்டது. இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று அடிக்கிற சத்தம். மணி அடிக்கக்கூடாத அந்த நாட்களில் சனத்தைக் கோயிலுக்குக் கூப்பிட அதைத்தான் அடிப்பார்கள் என்று அண்ணன் சொன்னார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, மரம் சத்தம் போடலாமோ?"

"என்ன?"

"கம்பி கூடாது, மணி கூடாது. மரக்கட்டை அடிக்கினமே. அப்ப மரம் பேசலாம்தானே?"

திரேசா அக்கா யோசித்தார். சும்மா யோசிக்கவில்லை. முகம் முழுக்க யோசனை. மறுமொழி பிழைத்தால் மகனுக்கு ஆகாது என்று நினைக்கிற ஒரு தாயின் யோசனை அது. பங்குச் சுவாமியிடம் கேட்டுவரட்டா என்று அண்ணன் எழும்பினார். அக்கா கையமர்த்தினார்.

"மரம் பேசலாம்," என்றார். "கம்பி பேசக்கூடாது."

உள்ளே போய் ஒரு துணிப்பட்டி கொண்டுவந்தார். கம்பிகளுக்கு மேலும் கீழுமாக அதைப் பின்னி, ஒன்றும் அதிராதபடி கட்டினார். நான் விரல் முட்டியால் மேல்பலகையைத் தட்டினேன்.

டொக்.

தட்டுகிற சத்தத்துக்கும் குரல் உண்டு. குச்சி அதிகம் இறுகி நின்றால் பலகை செத்த சத்தம் போடும். இடம் சரியென்றால் சத்தம் கொஞ்சம் நின்று போகும். அந்த வித்தியாசம் மிகமிகச் சின்னது. தெருவிலே யேசுவின் பாடுகள் பற்றிய பிரசங்கம் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்க, என் காதுக்கு அது பிடிபடவில்லை.

குசினிக்குப் போய் ஒரு மரக்கரண்டி எடுத்துவந்தேன். ஒரு நுனியைப் பலகையில் முட்டவைத்து, மறு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு தட்டினேன். வெளிச்சத்தமெல்லாம் விலகிப்போய், அந்தச் சின்ன டொக் என் மண்டைக்குள்ளே கேட்டது.

சவிரி அண்ணன் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பெரிய வெள்ளி என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"பல்லால கேக்குமோ தம்பி?" என்றார் அக்கா.

"காதைவிடத் திறமா கேக்கும். எலும்பால போகுதெல்லே."

தட்டினேன், கடித்தேன், கம்பிகளைத் தளர்த்தினேன், பல் கிண்டுகிற கம்பியைத் துளைக்குள் விட்டுக் குச்சியை அசைத்தேன், மறுபடி கம்பிகளை இறுக்கினேன், தட்டினேன். மத்தியானம் தாண்டியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பலகையின் செத்த குரல் மாறியது. ஒரு கட்டத்தில் தட்டியபோது சத்தம் பலகை முழுக்கப் பரவி என் பல்லில் வந்து நின்றது. கரண்டியை வாயிலிருந்து எடுத்தேன்.

"இவ்வளவுதான் அக்கா. இதுக்கு மேல கேக்காமல் ஏலாது."

"இது காணும், போதும்," என்றார்.

இன்னொரு பெரிய சங்கடம் மிச்சம் இருந்தது. கம்பிகளுக்குச் சுருதி கூட்ட வேண்டும். அதற்கும் சத்தம் வேண்டுமே. அக்கா கம்பிகளைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, முறுக்காணிகளைக் கிட்டத்தட்ட ஒரு நிலைக்குக் கொண்டுவந்து வைத்தார். கிட்டத்தட்ட என்பது வயலினில் ஒன்றுக்கும் உதவாது. மிச்சத்தை எப்போது செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் துணிப்பட்டியை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

மணிகள்

யுத்த காலத்தில் பாஸ்குப் பூசையை நடுச்சாமத்தில் வைப்பதில்லை. இருள் விழுந்தவுடனே தொடங்கிவிடுவார்கள், சனம் நேரத்தோடு வீடு போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. கோயில் வாசலில் பை சோதித்தார்கள். வயலின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.

பாடகர் குழுவுக்குப் பக்கத்துத் தூணோடு நான் நின்றேன். எனக்கு அந்தப் பூசை புதிது. விளக்கெல்லாம் அணைத்து, ஒரு பெரிய மெழுகுதிரியிலிருந்து ஆளுக்கு ஆள் தீ கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சவிரி அண்ணன் தெரிந்தார். அவருக்குப் பக்கத்தில் அன்டன். விடுதலையாகி வந்தபின் அவன் வாசல் தாண்டி வந்த முதல் நாள் அது. கையில் மெழுகுதிரியோடு நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

வாசகங்கள் நீண்டன. திரேசா அக்கா வயலினை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். துணிப்பட்டி இன்னும் கம்பிகளில்தான் இருந்தது. ஒட்டு விட்டுப்போனால்? குச்சி விழுந்தால்? கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் அந்தத் தாயின் கையில் வெறும் மரம் இருந்தால்?

சுவாமி குரலெடுத்தார். குளோரியா.

விளக்கெல்லாம் ஒரேயடியாக எரிந்தன. கோபுர மணி, பீடத்து மணிகள், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கைமணிகள், எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அப்படியொரு மணிச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தூண் அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவர் எதுவோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

அந்தக் கோயிலில் மணிகள் ஓய்ந்த பிறகுதான் பாட்டு. நான் அக்காவைப் பார்த்தேன்.

துணிப்பட்டியை உருவி எறிந்திருந்தார். தாடையை அந்தக் கறுத்த இடத்தில் அழுத்தி வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. வலக்கை வில்லை மெல்ல இழுத்தது. இடக்கை மேலே போய் ஒரு முறுக்காணியைத் திருப்பியது.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒருவருக்கும் கேட்டிருக்காது. அவர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். கொழும்பே எழும்புகிற அந்த மணிச் சத்தத்துக்கு நடுவே, எலும்பால் கேட்டுச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். கம்பி பேசலாம் என்று ஆன அந்தக் கணத்திலிருந்து மணி ஓயும்வரை அவருக்கு இருந்த நேரம் அவ்வளவுதான். முதல் கம்பி. இரண்டாவது. வில் திரும்பியது. மூன்றாவது.

கைமணிகள் ஒவ்வொன்றாக ஓயத் தொடங்கின. இன்னும் ஒன்று இருக்கிறதே என்று எனக்குள் பதறியது. கோபுர மணி நின்றது. பீடத்து மணி மட்டும் அடித்தது. அக்காவின் இடக்கை நான்காவது முறுக்காணியையும் திருப்பிவிட்டுக் கீழே இறங்கியது.

பீடத்து மணியும் நின்றது.

அவர் வில்லை எடுத்து வைத்து இழுத்தார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கிழமைக்கணக்காக என் மேசையில் கிடந்த மரம் அது. அதன் ஒவ்வொரு துண்டும் எனக்குத் தெரியும். ஆனால் இப்படியொரு குரல் அதற்குள் இருந்தது எனக்குத் தெரியாது. சின்னச் சத்தம்தான், அதிராத சத்தம். அது கோயிலின் கடைசி வரிசை வாங்குவரை போனது. பின்னால் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது.

செதுக்கியவனை நினைத்தேன். மூன்று மரத்துண்டை ஒட்டியவனை நினைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் இதைக் கேட்க வேண்டுமே என்று இருந்தது.

மெட்டு மேலே ஏறி, பிறகு கீழே இறங்கி அடிக்கம்பிக்கு வந்தது. அங்கே ஒரு கரகரப்பு. தொண்டை கட்டிய மனுசர் கதைப்பதுபோல். வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். எனக்கு உடனே விளங்கியது, குச்சி ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். சவிரி அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அன்டன் அழவில்லை. தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய உதடு மெட்டோடு மெல்ல அசைந்தது.

அக்கா வில்லை எடுத்தார். பாடகர் குழு எழுந்து பாடத் தொடங்கியது. அக்கா பாடவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கையை வைத்தபடி இருந்தார்.

பூசை முடிந்து சனம் கலைந்தபோது முற்றத்தில் அவர்களிடம் போனேன். அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு மனம் வேறு இடத்தில் நின்றது.

"அக்கா, அடிக்கம்பி கொஞ்சம் கரகரக்குது. நாளைக்கு வந்து ஒரு மயிரிழை நகர்த்திவிடுறன். சுத்தமாயிடும்."

"வேண்டாம் தம்பி."

"கனக்க நேரம் எடுக்காது அக்கா. இனிக் கேட்டுக் கேட்டே செய்யலாம்."

திரேசா அக்கா வயலின் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். பயம் போன முகத்தை அன்றுதான் அவரிடம் முதல் தரம் பார்த்தேன்.

"நான் இதைக் குடுத்திட்டன் தம்பி. அவர் வாங்கியிட்டார். வாங்கின பிறகு அதைத் திருத்துறது வடிவில்ல."

சட்டைப் பையில் வைத்திருந்த பல் கிண்டுகிற கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வயலின்களைத் திறந்தேன். அதை மட்டும் திரும்பத் திறக்கவில்லை. கொழும்பை விட்டுப் போகும்வரை ஒவ்வொரு பாஸ்குவுக்கும் அந்தக் கோயிலுக்குப் போய், அதே தூணோடு நின்று கேட்டேன். மெட்டு கீழே இறங்கி அடிக்கம்பிக்கு வரும். அந்தக் கரகரப்பு வரும். சைவக்காரனான என் கை அந்த இடத்தில் தானாகக் குவியும்.